பத்து நிமிடம் வாழ்ந்த செல்: பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2009 இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. யோகோஹாமாவில் உள்ள தோயின் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ட்சுதோமு மியாசாகா, ஆய்வு மாணவர் அகிஹிரோ கொஜிமா, இன்னும் இருவர் சேர்ந்து எழுதியது. ஈயமும் அயோடினும் கலந்த, பெரோவ்ஸ்கைட் வகை உப்பு ஒன்றை வைத்துச் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறோம், விழும் ஒளியில் 3.8 சதவீதம் மின்சாரமாகிறது என்பதுதான் செய்தி. அந்தச் சமயத்தில், வழக்கமான சோலார் பேனல்களில் இருக்கும் சிலிக்கான் செல்லின் ஆய்வகச் சாதனை 25 சதவீதத்தை எட்டியிருந்தது. போதாக்குறைக்கு, மியாசாகாவின் செல் சில நிமிடங்களில் செத்துவிடும். பெரும்பாலோர் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள்.

இன்று அந்த உப்பின் குடும்பத்தைச் சேர்ந்த படலம் ஒன்று சிலிக்கான் செல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டும் சேர்ந்து 34 சதவீதத்துக்கு மேல் தருகின்றன. தனிச் சிலிக்கான் எந்தக் காலத்திலும் தொட முடியாத அளவு அது.

இந்தக் கதையை எல்லோரும் சதவீதத்தை வைத்தே சொல்கிறார்கள். 3.8 இலிருந்து 34 வரை ஏறிய கோட்டை வரைந்து காட்டினால் கேட்பவருக்கு மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு, வேறொரு அளவுகோல்தான் உண்மையை அதிகம் சொல்வதாகப் படுகிறது. செல் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்பதே அது. அந்தக் கணக்கில் பார்த்தால் யார் என்ன செய்தார்கள், எந்த முடிவு திருப்புமுனை, எது இன்னும் முடியவில்லை என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. இந்த ஆய்வை அந்த வழியிலேயே கொண்டுபோகிறேன்.

பெயர் வந்த கதை

பெரோவ்ஸ்கைட் என்பது முதலில் ஒரு கனிமத்தின் பெயர். 1839 இல் குஸ்தாவ் ரோஸ என்ற ஜெர்மன் கனிமவியலாளர் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் கிடைத்த கால்சியம் டைட்டனேட்டை ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் நினைவாக இந்தப் பெயரை வைத்தார். பின்னாளில் அதே படிக அமைப்பு உள்ள எல்லாப் பொருள்களுக்கும் அது குடும்பப் பெயராகிவிட்டது. நம் கதையில் வரும் பெரோவ்ஸ்கைட்டில் கால்சியமும் இல்லை, டைட்டானியமும் இல்லை. ஈயமும் அயோடினும் சேர்ந்து ஒரு கூண்டு கட்டுகின்றன. கூண்டுக்குள் மெத்தில் அமோனியம் என்ற சிறிய கரிம அயனி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் அமைப்பு. இதை 1978 இலேயே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் டீட்டர் வெபர் செய்துவிட்டார். 1990களில் ஐபிஎம் ஆய்வகத்தில் டேவிட் மிட்சி இதன் உறவுக்காரப் பொருள்களை டிரான்சிஸ்டருக்கும் ஒளி உமிழும் சாதனங்களுக்கும் பயன்படுத்திப் பார்த்தார். பொருள் கையில் இருந்தது. அதைச் சூரிய ஒளியில் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வருவதற்குத்தான் இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

யோகோஹாமா: நிமிடங்கள்

மியாசாகா பல்கலைக்கழகத்திலேயே வளர்ந்தவர் அல்ல. முனைவர் பட்டம் முடித்த 1981 முதல் 2001 வரை ஃபூஜி ஃபோட்டோ ஃபிலிம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். புகைப்படச் சுருளின் உயிர்நாடி வெள்ளி ஹாலைடு, அதாவது வெள்ளியோடு புரோமினும் அயோடினும் சேர்ந்த உப்பு. ஒளி பட்டால் மாறும் ஹாலைடு உப்புகளுக்கு நடுவே இருபது ஆண்டு இருந்த ஒருவருக்கு, ஈய ஹாலைடைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தோன்றாத நம்பிக்கை தோன்றியிருக்கும் என்பது என் ஊகம்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் அவர் எடுத்துக்கொண்டது சாயச் செல். வேதியியலாளர் மைக்கேல் கிராட்செல் 1991 இல் உலகுக்குக் காட்டிய வகை அது. டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்துளைப் படலத்தின் மேல் ஒரு சாயம் ஒட்டியிருக்கும். சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானை உதைத்துவிடும், டைட்டானியம் டை ஆக்சைடு அதை எடுத்துக்கொண்டு போகும், சுற்றியுள்ள அயோடைடு திரவம் சாயம் இழந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும். மலிவானது, செய்ய எளிதானது. ஆனால் சாயம் மெல்லியதாக ஒட்டியிருப்பதால் ஒளியை முழுதாக வாங்காது.

கொஜிமா முதலில் வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவர். சாயத்துக்குப் பதில் பெரோவ்ஸ்கைட்டைப் போட்டால் என்ன என்ற கேள்வியோடு மியாசாகாவின் ஆய்வகத்துக்கு வந்தார். 2006 இல் ஒரு மாநாட்டில் 2.2 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2009 கட்டுரையில் அது 3.8 ஆனது.

சிக்கல் எங்கே என்றால், பெரோவ்ஸ்கைட் என்பது உப்பு. அதைச் சுற்றியிருந்தது அயோடைடு கலந்த திரவம். உப்பைத் திரவத்தில் போட்டால் என்ன நடக்கும்? கரையும். செல் வேலை செய்வதற்குத் தேவையான திரவமே செல்லைத் தின்றுகொண்டிருந்தது. 2009 இல் இதைக் கண்டுகொள்ளாமல் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர்கள் முடிவு நியாயமானதுதான். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. அயோடினுக்குப் பதில் புரோமின் சேர்த்த செல் 0.96 வோல்ட் கொடுத்தது. அவ்வளவு எளிய முறையில் செய்த ஒரு செல்லுக்கு அது அசாதாரணமான மின்னழுத்தம். கவனமாகப் படித்த சிலர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

2012: நிமிடத்திலிருந்து வாரங்களுக்கு

கவனமாகப் படித்தவர்களில் ஒருவர் தென்கொரியாவின் சுங்க்யுங்க்வான் பல்கலைக்கழகத்தின் நாம்-க்யூ பார்க். 2011 இல் அவர் குழு அதே திரவச் செல்லை மேம்படுத்தி 6.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. சதவீதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. வாழ்நாள்? தொடர்ந்து ஒளி பட்ட பத்தே நிமிடத்தில் செல் தன் திறனில் 80 சதவீதத்தை இழந்தது. இந்த ஆய்வின் தலைப்பு அங்கிருந்து எடுத்ததுதான். திறன் கூடினாலும் பயனில்லை, திரவத்தை அகற்றினால் மட்டுமே மேற்கொண்டு போக முடியும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பார்க் அந்த முடிவைத்தான் எடுத்தார். சுவிட்சர்லாந்தில் கிராட்செல்லுடன் சேர்ந்து, திரவத்தின் இடத்தில் ஸ்பைரோ என்று துறையினர் சுருக்கிச் சொல்லும் ஒரு திடக் கரிமப் பொருளை வைத்தார். இது புதிதாகக் கண்டுபிடித்த பொருள் அல்ல. சாயச் செல்லைத் திடமாக்கும் முயற்சியில் 1998 முதலே புழக்கத்தில் இருந்தது. ஆகஸ்ட் 2012 இல் வெளியான அந்தக் கட்டுரையில் திறன் 9.7 சதவீதம். அதைவிட முக்கியம், மூடி போடாமல் அறை வெப்பநிலையில் காற்றில் வைத்திருந்தும் 500 மணி நேரத்துக்குப் பிறகும் செல் நிலையாக இருந்தது. பத்து நிமிடம் எங்கே, மூன்று வாரம் எங்கே!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த 500 மணி நேரமும் செல் வெயிலில் உழைக்கவில்லை, சும்மா வைத்திருந்து அவ்வப்போது எடுத்து அளந்தார்கள். இருந்தாலும் பொருள் தன்னளவில் செத்துப்போகிற பொருள் அல்ல, அதைக் கொன்றது திரவம்தான் என்பது உறுதியானது.

அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது இன்னும் சுவையானது. ஹென்றி ஸ்னெய்த் கேம்பிரிட்ஜில் பிளாஸ்டிக் மின்னணுவியல் படித்து, பிறகு கிராட்செல்லின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அங்கே பழக்கமான ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் வழியாக மியாசாகாவின் குழுவோடு தொடர்பு கிடைத்தது. ஸ்னெய்த்தின் மாணவர் மைக்கேல் லீ யோகோஹாமாவுக்கே போய், பெரோவ்ஸ்கைட் செய்யும் கைப்பக்குவத்தைக் கற்று வந்தார். கட்டுரையைப் படித்தால் மட்டும் வராத விஷயம் அது. எந்தக் கரைப்பான், எவ்வளவு வேகச் சுழற்சி, எப்போது சூடு என்பதெல்லாம் கூடவே நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

திரும்பி வந்து ஒரு ஒப்பீட்டுச் சோதனை செய்தார்கள். எலக்ட்ரானை எடுத்துச் செல்லும் டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பதிலாக அலுமினாவைப் போட்டார்கள். அலுமினா மின்கடத்தாப் பொருள். எலக்ட்ரான் அதற்குள் நுழையவே முடியாது. அதுவரை இருந்த புரிதல்படி செல் படுத்துவிட வேண்டும். நடந்ததோ நேர்மாறு. திறன் 10.9 சதவீதமாக ஏறியது, மின்னழுத்தம் 1.1 வோல்ட்டைத் தாண்டியது.

இதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். எலக்ட்ரானைச் சுமக்க வேறு யாரும் தேவையில்லை, பெரோவ்ஸ்கைட் தானே சுமந்துபோகிறது. மூன்று ஆண்டுகளாகச் சாயத்தின் மாற்றாள் என்று நினைத்து நடத்திய பொருள், உண்மையில் சிலிக்கான் போலத் தனியாக நிற்கக்கூடிய முழுமையான குறைகடத்தி. அடுத்த ஆண்டே ஸ்னெய்த்தின் குழு நுண்துளைத் தாங்குபடலம் எதுவுமின்றி, ஆவியாக்கிப் படியவைத்த தட்டையான படலத்தில் 15.4 சதவீதம் காட்டியது.

என்னைக் கேட்டால், இந்த முழு வரலாற்றிலும் மிக அழகான தருணம் அந்த அலுமினாச் சோதனைதான். தோற்க வேண்டிய சோதனை ஜெயித்தபோது, எங்கோ அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிடாமல் அதன் பின்னால் போனார்கள்.

ஏன் இந்தப் பொருள் இப்படி நடந்துகொள்கிறது

சிலிக்கான் செல்லுக்கு மணலின் மூலப்பொருளான குவார்ட்சை மின்வில் உலையில் உருக்க வேண்டும், பிறகு பல கட்டமாகச் சுத்திகரிக்க வேண்டும், பிறகு 1,414 டிகிரி செல்சியஸில் மறுபடி உருக்கி ஒரே படிகமாக மெதுவாக இழுக்க வேண்டும். கொஞ்சம் அழுக்கோ படிகக் குறையோ இருந்தால் எலக்ட்ரான் அங்கே சிக்கி வீணாகும். பெரோவ்ஸ்கைட்டோ ஒரு கரைசல். கண்ணாடி மேல் ஊற்றிச் சுழற்றி, நூறு டிகிரியை ஒட்டிச் சூடு காட்டினால் பளபளக்கும் கறுப்புப் படலம் உருவாகிவிடும். அதில் குறைகள் ஏராளம். ஆனால் அந்தக் குறைகளில் பெரும்பாலானவை எலக்ட்ரானைப் பிடித்து வைப்பதில்லை. இதைக் குறை பொறுக்கும் தன்மை என்பார்கள். 2013 இல் ஸ்னெய்த் குழு அளந்தபோது, ஒரு வகைப் பெரோவ்ஸ்கைட்டில் எலக்ட்ரான் ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் பயணம் செய்தது. ஒளியை முழுதாக வாங்க அரை மைக்ரான் தடிமனே போதும் என்பதால், அது தாராளமாக வெளியே வந்துவிடும். சிலிக்கான் வில்லை, அதாவது செல் செய்ய அறுத்தெடுக்கும் தகடு, 150 மைக்ரானை ஒட்டிய தடிமன் உடையது என்பதை இங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எண்களின் ஓட்டமும் ஒரு நேர்மையான நிறுத்தமும்

2012 க்குப் பிறகு நடந்தது ஓட்டப்பந்தயம். கொரியாவில் சாங் இல் சியோக்கின் குழு கரைப்பானைக் கையாளும் முறையை மாற்றி, படலத்தைச் சீராக உறையவைக்கும் வழியைக் கண்டு, சாதனைமேல் சாதனை படைத்தது. 2019 இல் அங்கீகரிக்கப்பட்ட திறன் 25.2 சதவீதம். பெல் ஆய்வகத்தில் 1954 இல் ஆறு சதவீதத்தோடு பிறந்த சிலிக்கான் செல் அந்த உயரத்தைத் தொட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பெரோவ்ஸ்கைட்டுக்குப் பத்தே ஆண்டு.

இந்த வேகத்துக்கு நடுவே 2014 இல் ஒரு தடங்கல் வந்தது. செல்லை அளக்கும்போது மின்னழுத்தத்தை மேலிருந்து கீழாகக் குறைத்தால் ஒரு திறன், கீழிருந்து மேலாகக் கூட்டினால் வேறொரு திறன் கிடைத்தது. சில செல்களில் வித்தியாசம் பெரிது. எந்த எண்ணை நம்புவது? சாதகமான திசையில் மட்டும் அளந்து வெளியிட்டுவிட்டுப் போகலாம் என்ற சபலம் இருந்திருக்கும். ஆனால் இதை வெளிப்படையாக எழுதி, ஒரு திசையில் மட்டும் அளந்த முடிவுகளை நம்பக் கூடாது என்று எச்சரித்தவர்களில் ஸ்னெய்த்தின் குழுவே இருந்தது. அதன்பின் செல்லை ஒரே நிலையில் பிடித்துவைத்து நிலையாக வரும் திறனையும் சொல்வது வழக்கமானது.

இந்த விசித்திரத்தின் காரணம்தான் அடுத்த பகுதிக்கு வாசல். படிகத்தில் எலக்ட்ரான் மட்டும் நகரவில்லை. அயோடின் அயனிகளும் நகர்ந்தன. கட்டடம் நிற்கும்போதே செங்கல் இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எது கொல்கிறது, எப்படிக் காப்பாற்றுகிறார்கள்

பெரோவ்ஸ்கைட் செல் சாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கறுப்புப் படலம் மஞ்சளாகும். மஞ்சள் என்பது ஈய அயோடைடின் நிறம். கூண்டுக்குள் இருந்த கரிம அயனி வெளியேறிவிட்டது, கூண்டு சரிந்துவிட்டது என்பதன் அடையாளம். ஈரம் பட்டால் இது நடக்கும். வெப்பத்தாலும் நடக்கும், ஏனெனில் மெத்தில் அமோனியம் எளிதில் ஆவியாகப் பிரிந்துபோகக்கூடியது. வெயிலில் பேனலின் உள்ளே 60, 70 டிகிரி வரை போவது சாதாரணம் என்பதால் இது சிறிய குறை அல்ல.

மெத்தில் அமோனியத்துக்குப் பதில் ஃபார்மமிடினியம் என்ற இன்னொரு அயனியைப் போடலாம், அது வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் கூண்டுக்கு அது கொஞ்சம் பெரிது. அறை வெப்பநிலையில் படிகம் வேறு அமைப்புக்கு மாறி மஞ்சளாகிவிடும். ஒரு நோய்க்கு மருந்து கொடுத்தால் இன்னொரு நோய். இதை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்த மைக்கேல் சலிபா. 2016 இல் அவரும் சக ஆய்வாளர்களும் சீசியம், மெத்தில் அமோனியம், ஃபார்மமிடினியம் மூன்றையும் கலந்தார்கள். சிறிய சீசியம் பெரிய ஃபார்மமிடினியத்தைச் சரிக்கட்டியது. கறுப்பு நிலை நிலைத்தது. அதைவிட நல்ல செய்தி, ஒருமுறை செய்ததை மறுமுறையும் அதேபோல் செய்ய முடிந்தது. ஆய்வகத்துக்கு ஆய்வகம், நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்த ஒரு பொருளுக்கு அது பெரிய மாற்றம்.

ஈரத்துக்கு வேறொரு வழி. ஸ்டான்ஃபோர்டில் ஹேமமாலா கருணாதாசவின் குழு 2014 இல், பெரோவ்ஸ்கைட்டைத் தாள் தாளாகப் பிரித்து இடையில் நீரை விரும்பாத பெரிய கரிம மூலக்கூறுகளை வைத்தால் ஈரத்தை அதிகம் தாங்கும் என்று காட்டியது. இன்று பல குழுக்கள் முழுச் செல்லையும் அப்படிச் செய்யாமல், சாதாரணப் பெரோவ்ஸ்கைட்டின் மேல் மழைக்கோட்டுபோல மெல்லியதாக அந்த அடுக்கை மட்டும் போர்த்துகின்றன.

இந்த வேலைகளுக்குச் செய்தித்தாளில் தலைப்பு கிடைப்பதில்லை. ஒரு சதவீதம் கூடினால் உலகம் முழுக்கத் தெரியும், ஆயிரம் மணி நேரம் கூடினால் துறைக்குள்ளேயே சிலருக்குத்தான் தெரியும். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பேனல் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை வருடம் வரும் என்பதுதானே?

பேனல்களுக்கான சர்வதேசத் தரச் சோதனையில் இரண்டு கட்டங்கள் கடுமையானவை. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 1,000 மணி நேரம் ஒன்று. உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியிலிருந்து மேலே 85 டிகிரி வரை 200 முறை ஏற்றி இறக்குவது இன்னொன்று. நல்ல மூடியும் நல்ல கலவையும் இருந்தால் பெரோவ்ஸ்கைட் இவற்றைக் கடக்க முடியும் என்று ஆகிவிட்டது. ஆனால் இந்தச் சோதனைகள் சிலிக்கான் எப்படிக் கெட்டுப்போகும் என்பதை வைத்து வகுத்தவை. பெரோவ்ஸ்கைட் தனக்கே உரிய வழிகளில் கெடுகிறது. ஒளியும் வெப்பமும் சேர்ந்து தாக்கும்போது அது படும் பாடு, இருட்டறையில் வேகவைக்கும்போது தெரியாது. பகலில் நகர்ந்த அயனிகள் இரவில் ஓரளவு திரும்பி வருகின்றன, அதனால் தொடர் ஒளியில் அளந்த வாழ்நாளை உண்மையான பகல் இரவுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. சரியான பரீட்சை எது என்பதே இன்னும் வகுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

ஆக்ஸ்ஃபோர்ட் பிவி: எதிரியின் தோளில் ஏறிய முடிவு

2010 இல் ஸ்னெய்த்தும் கெவின் ஆர்தர் என்ற தொழில்முனைவோரும் ஆக்ஸ்ஃபோர்ட் பிவி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அன்று பெரோவ்ஸ்கைட் திட்டத்திலேயே இல்லை. கட்டடக் கண்ணாடிகளில் பதிக்கும் திடச் சாயச் செல்தான் நோக்கம். 2012 க்குப் பின் பெரோவ்ஸ்கைட்டுக்கு மாறினார்கள். ஆனால் அதைவிடப் பெரிய முடிவு அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்தது. சிலிக்கானோடு மோதுவதை விட்டுவிட்டு, சிலிக்கானின் மேலேயே பெரோவ்ஸ்கைட்டைப் பூசுவது.

இதன் அறிவியல் எளிது. வேறுவேறு உயரத்திலிருந்து நீர் விழுகிறது, ஆனால் சக்கரம் ஒரே ஒரு உயரத்தில்தான் இருக்கிறது என்று நினையுங்கள். சக்கரத்துக்கு மேலே நீர் விழும் தூரமெல்லாம் வீண். சிலிக்கானின் சக்கரம் 1.1 எலக்ட்ரான் வோல்ட்டில் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) இருக்கிறது. நீல ஒளித்துகள் 2.7 உடன் வந்தாலும் 1.1 ஐத்தான் கறக்க முடியும், மீதி வெறும் சூடு. இதனால் சிலிக்கானின் கோட்பாட்டு உச்சவரம்பு 29.4 சதவீதம். பெரோவ்ஸ்கைட்டின் சக்கரத்தையோ அயோடின், புரோமின் விகிதத்தை மாற்றி வேண்டிய உயரத்தில் பொருத்தலாம். 1.7 ஐ ஒட்டி அதை மேலே வைத்தால், நீலமும் பச்சையும் சிவப்பும் அங்கே நல்ல விலைக்குப் போகும், அகச்சிவப்பு ஊடுருவிக் கீழே சிலிக்கானுக்குப் போகும். இரண்டு சக்கரம் உள்ள இந்த அமைப்புக்கு டேண்டம் என்று பெயர். அதன் கோட்பாட்டு வரம்பு 40 சதவீதத்துக்கு மேல்.

வணிகத்தின் கண்ணால் பார்த்தாலும் இது புத்திசாலித்தனமான முடிவு. சிலிக்கானின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டிருந்த காலம் அது. மலிவு என்ற ஒரே ஆயுதத்தோடு மோதப் போன பல மெல்லிய படல நிறுவனங்கள் அதில் நசுங்கின. டேண்டத்தில் சிலிக்கான் மலிவாக ஆக, மேலே பூசுகிறவருக்கும் லாபம். 2016 இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் ஒரு பழைய சோலார் ஆலையை வாங்கினார்கள். டிசம்பர் 2020 இல் 29.52 சதவீதம் எட்டி, சிலிக்கானின் கோட்பாட்டு வரம்பையே தாண்டினார்கள்.

ஆனால் அந்தச் செல் ஒரு சதுர சென்டிமீட்டரை ஒட்டிய அளவு, விரல் நகம் அளவு. வில்லை அளவிலான, அதாவது சுமார் 258 சதுர சென்டிமீட்டர் செல்லில் அவர்கள் 28.6 சதவீதம் எட்டியது 2023 இல். செப்டம்பர் 2024 இல் முதல் வணிகப் பேனல்கள் அமெரிக்காவின் ஒரு மின் உற்பத்தித் திட்டத்துக்குக் கப்பலேறின. அந்தப் பேனலின் திறன் 24.5 சதவீதம். நகம் அளவில் 29.5, வில்லை அளவில் 28.6, பேனலாகும்போது 24.5. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்கிறது. மூலைகளில் படலம் சீராக இராது, கம்பிகளுக்கு இடம் வேண்டும், தயாரிப்பின் வேகத்துக்காகவும் நீடித்து உழைப்பதற்காகவும் சில விட்டுக்கொடுப்புகள். அடுத்த முறை ஒரு சாதனைச் செய்தியைப் படிக்கும்போது செல்லின் பரப்பளவு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். சிறிய எழுத்தில் இருக்கும்.

சாதனைகளின் களம் அதற்குள் சீனாவுக்கு இடம் மாறிவிட்டது. லோங்கி நிறுவனம் நவம்பர் 2023 இல் 33.9 சதவீதம், 2025 ஏப்ரலில் 34.85 சதவீதம் என்று டேண்டம் சாதனையை உயர்த்தியது. அதே மாதம் ஆக்ஸ்ஃபோர்ட் பிவி தன் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைச் சீனாவின் டிரினா நிறுவனத்துக்கு வழங்கியது.

ஈயம்

இதை மூடி மறைக்கக் கூடாது. இந்தப் பொருளின் கூண்டு ஈயத்தால் ஆனது. படலம் மிக மெல்லியது என்பதால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் ஈயம் இருக்கும். கார் பேட்டரிகளில் கிலோ கணக்கில் இருக்கிறது. ஆனால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடாது. பெரோவ்ஸ்கைட்டில் இருக்கும் ஈயம் நீரில் கரையக்கூடிய வடிவத்தில் இருக்கிறது. பேனல் உடைந்து மழை பெய்தால் மண்ணுக்குப் போகும்.

ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போட முடியுமா என்று 2014 இலேயே ஸ்னெய்த்தின் குழுவும் அமெரிக்காவில் மெர்கூரி கனட்சிடிஸின் குழுவும் தனித்தனியே முயன்று ஆறு சதவீதத்தை ஒட்டி எடுத்தன. வெள்ளீயம் காற்றில் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதனால் இன்றுவரை ஈயத்தின் அருகே வரவில்லை. வேறொரு அணுகுமுறை, ஈயத்தை உள்ளேயே பிடித்து வைப்பது. 2020 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செல்லின் இரு பக்கமும் ஈயத்தை உறிஞ்சும் படலம் ஒட்டி, செல் உடைந்த நிலையிலும் 96 சதவீதத்துக்கு மேல் ஈயம் கசியாமல் தடுத்தார்கள். எனக்கு இது நம்பிக்கை தருகிறது. ஆனால் இப்படிப்பட்ட படலத்தைப் பேனலின் கட்டாயப் பாகமாக்குவதும், பழைய பேனலைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் வைப்பதும் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோடிக்கணக்கில் கூரை ஏறியபின் யோசித்தால் பிந்திவிடும்.

இப்போது எங்கே நிற்கிறது

தொழில் இரண்டு பாதையாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன டேண்டம். மற்றொன்று சிலிக்கானால் போக முடியாத இடங்களுக்குப் போவது. ஜப்பானின் செகிசுய் கெமிக்கல் பிளாஸ்டிக் சுருளில் பெரோவ்ஸ்கைட்டைப் பூசுகிறது. எடை தாங்காத தொழிற்சாலைக் கூரைகளிலும் வளைந்த சுவர்களிலும் ஒட்டலாம். 2025 ஒசாகா கண்காட்சியின் பேருந்து நிலையக் கூரையில் அந்தப் படலம் நீளமாக விரிந்திருந்தது. 2040 க்குள் 20 ஜிகாவாட் என்று ஜப்பான் அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் அயோடின். உலக உற்பத்தியில் சிலிக்கு அடுத்த இடம் ஜப்பானுக்கு. சிலிக்கான் பேனலில் சீனாவைச் சார்ந்திருக்கும் நாட்டுக்கு, மூலப்பொருள் சொந்த மண்ணில் கிடைப்பது சிறிய விஷயம் இல்லை. செகிசுய் தன் படலத்தின் வாழ்நாளைப் பத்தாண்டு என்ற கணக்கில் பேசுகிறது. டேண்டம்காரர்களால் அப்படிப் பேச முடியாது. கீழே இருக்கும் சிலிக்கான் 25 ஆண்டு உழைக்கும்போது மேலே இருப்பது பாதியில் செத்தால், மொத்தப் பேனலும் போச்சு.

ஆகவே இரண்டு பாதைக்கும் தேவையான வாழ்நாள் வேறுவேறு. சுருட்டி ஒட்டும் படலம் பத்து ஆண்டு தாங்கினாலே, விலை குறைவாக இருந்தால், ஒரு கணக்கு நிற்கும். டேண்டம் நிற்க வேண்டுமானால் சிலிக்கானின் ஆயுளுக்கு ஈடாக வேண்டும். 2024 இல் கப்பலேறிய பேனல்கள்தான் அதற்கான முதல் பெரிய சாட்சிகள். இப்போது அவை வெயிலில் நிற்கின்றன. ஆண்டுக்கு எத்தனை சதவீதம் தேய்கின்றன என்ற கணக்கு முதல் சில ஆண்டுகளிலேயே ஓரளவு தெரியவரும். அப்புறம், 25 ஆண்டு என்ற கேள்விக்கு முழு விடை கிடைப்பது 2049 இல்.